எதுவும் செய்யாத பட்டன்

"ஒண்ணுமே செய்யாத ஒரு பட்டனுக்காக நாப்பத்தோரு பேர் லெட்டர் போட்டிருக்காங்க மேடம்," என்றார் ஏகாம்பரம்.

பரிமளா நிமிரவில்லை. ஒரு பழைய கீபோர்டைக் கவிழ்த்து, மேசையில் தட்டித் தூசியை உதிர்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. பரிமளாவுக்கு முப்பத்தாறு. வித்தைக்கு ஏது வயசு? திருச்சியில் கணினித் திரை வடிவமைக்கிறவர்களில் பாதிப் பேர், சந்தேகம் வந்தால் பரிமளா இருக்கும் அந்த ஜெராக்ஸ் கடை மாடிக்குத்தான் படியேறுவார்கள். ஏறியவர்களுக்கெல்லாம் பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

"எந்த பட்டன்?"

"ரெஃப்ரெஷ்."

நூலகக் கணினிகளுக்கென்று புதிதாக ஒரு முகப்புத் திரையை மூன்று வருடம் உட்கார்ந்து செய்திருந்தார் ஏகாம்பரம். துடைத்து வைத்த மாதிரி இருக்கும். வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டார். அதில் ரெஃப்ரெஷும் போயிற்று.

நம் ஆட்கள் கணினி முன்னால் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் அமுக்குவார்கள். ஒரு தரம் இல்லை, நாலு தரம். திரை ஒரு முறை கண் சிமிட்டும். அதன் பிறகுதான் வேலை.

"இருக்கிற படத்தை அழிச்சுட்டு அதே படத்தைத் திரும்ப வரையும் மேடம். அவ்வளவுதான். அதை அமுக்கினா மெஷின் வேகமாகும்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான்."

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"ரெண்டு பக்கத்துக்கு விளக்கமா எழுதினேன்."

"அப்புறம்?"

"அதுக்கு முன்னாடி ஒன்பது லெட்டர்தான் வந்திருந்தது."

பரிமளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"திருப்பி வைக்கலேன்னா பழைய திரைக்கே போயிடுவோம்ங்கிறாங்க. மூணு வருஷ உழைப்பு மேடம். அதுக்காக ஒரு பொய்யை என் கையால கொண்டுபோய் வைக்க மாட்டேன்."

பரிமளா எழுந்தார். "டீ குடிச்சுட்டு வரலாம். கதவைப் பூட்டுங்க."

ஏகாம்பரம் பூட்டினார். சாவியை உருவினார். பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"பூட்டிட்டீங்களா?"

"பூட்டிட்டேனே."

"அப்புறம் ஏன் இழுத்தீங்க?"

"சும்மா..."

பரிமளா இரண்டு படி இறங்கினார். திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வாரம், ஒண்ணும் செய்யாத எந்தக் காரியத்தையும் நீங்க செய்யாதீங்க. எதையெல்லாம் விட்டீங்களோ, எழுதிக்கிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

*

சொன்னதைச் செய்வதில் ஏகாம்பரத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார்.

திங்கட்கிழமை, பூட்டை இழுக்கவில்லை. எழுதினார்.

செவ்வாய்க்கிழமை, மூடிய கேஸை மறுபடி திருகிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பர்ஸைத் தொட்டுப் பார்க்கவில்லை. எழுதினார். மனசு லேசாக இருந்தது. ஊர் முழுக்க வீண் வேலை பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தது.

மகள் தாரிணி. இந்தூரில் ஒரு வங்கியில் வேலை. அம்மா இறந்த மறு வாரத்திலிருந்து, இரண்டு வருடமாக, ஒரு நாள் தவறாமல் இரண்டு மணிக்குக் கூப்பிடுவாள். அந்த வீட்டில் அவருக்கென்று அடிக்கிற ஃபோன் அது ஒன்றுதான்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன்."

"என்ன சாப்பாடு?"

"ரசம், அப்பளம்."

"சரிப்பா, வைக்கட்டுமா?"

ஏகாம்பரம் நோட்டைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது அவர் சாப்பிடவில்லை என்று சொன்னதுண்டா? நேற்று கேட்டதையே இன்றும் கேட்கிறாள். நேற்று சொன்னதையே அவரும் சொல்கிறார்.

"தாரிணி, இதுக்காக தினம் போன் பண்ணாதம்மா. நான் ஒண்ணும் பட்டினி கிடக்க மாட்டேன். ஏதாவது விஷயம் இருந்தா மட்டும் பண்ணு."



"சரிப்பா."

அதையும் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஃபோன் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையும் வரவில்லை. ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஃபோனைத் தட்டித் திரையை எழுப்பினார். ஒன்றுமில்லை. அது அணைந்ததும் மறுபடி தட்டினார். இதை அவர் நோட்டில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனைவி போனபோதுகூட இந்த வீட்டில் இப்படித் தனியாக இருந்ததில்லை. தானே கூப்பிட்டால் என்ன என்று ஃபோனைக் கையில் எடுத்தார். கூப்பிட்டு என்ன விஷயம் என்று சொல்வது? கீழே வைத்துவிட்டார்.

*

மறுநாள் இரண்டு மணிக்கு மாடி ஏறினார்.

பரிமளா நோட்டை வாங்கிப் படித்தார். பூட்டு. கேஸ். பர்ஸ். கடைசி வரிக்கு வந்ததும் அவர் விரல் நின்றது.

"இதனால ஏதாவது நஷ்டமா சார்?"

"ஒண்ணுமில்ல," என்றார் ஏகாம்பரம். "நஷ்டம்னு எதுவும் இல்ல."

"மெலிஞ்சிருக்கீங்க."

அவர் நழுவிய கைக்கடிகாரத்தை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"உங்க பொண்ணு எதுக்காக போன் பண்ணிக்கிட்டிருந்தாங்க?"

"நான் சாப்பிட்டேனான்னு தெரிஞ்சுக்கத்தான். அது தெரிஞ்ச விஷயம்தானே மேடம்?"

"அவங்க சொன்னாங்களா?"

"எதை?"

"அதுக்காகத்தான் பண்றேன்னு."

ஏகாம்பரம் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தார்.

பரிமளா, மேசைமேல் கிடந்த ஏகாம்பரத்தின் ஃபோனை அவர் பக்கம் நகர்த்தினார்.

இரண்டாவது மணியிலேயே தாரிணி எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னாச்சுப்பா? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லம்மா. ஒரு விஷயமும் இல்ல."

அவளுக்குப் பின்னால் யாரோ இந்தியில் சிரித்துப் பேசுவது கேட்டது. ஏகாம்பரத்துக்கு வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவள் தினமும் கேட்பதையே கேட்டார்.

"நீ சாப்டியா?"

"இல்லப்பா."

"ஏன்? மணி ரெண்டாச்சே."

"இங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுவாங்க. நான் தனியாத்தான். உங்ககிட்ட பேசிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன். இப்பல்லாம் அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்."