உரல்பாறையில் மூன்றே முக்கால் மணி நேரம்

சீடருக்கு அறுபத்துமூன்று வயது. குருவுக்கு முப்பத்தாறு. கதைகளில் இது தலைகீழாக இருப்பதுதான் வழக்கம் என்பது எனக்கும் தெரியும். என்ன செய்வது, காட்டுக்குள் போய்த் திரும்பி வரத் தெரிந்தவர் எவரோ அவர்தான் குரு.

குருவின் பெயர் பச்சையம்மாள். ஜவ்வாது மலை அடிவாரத்தில், தார்ச்சாலை முடிந்து சரளைப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தாள். அகல டயர் போட்ட கிராவல் சைக்கிளில் மலையேற வருகிறவர்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது அவள் வேலை. எங்கே ஏற்றம், எங்கே ஓடை, எந்தப் பிரிவில் எந்தக் கைப்பக்கம் என்று அவளே வரைந்த பதினாலு வழிகள் கொட்டகைச் சுவரில் தொங்கின.

சீடரின் பெயர் ஞானசுந்தரம். ஜோலார்பேட்டையில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார் என்று ஒரு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தார். மகள் வயதுக்காரியை "டீச்சர்" என்று கூப்பிட்டார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

ஒருநாள் காலை அவள் டயரிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"டீச்சர், எந்த வழியில போனா தனியா இருக்கிறது தெரியாது?"

அவள் முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"இந்தப் பதினாலுல அப்படி ஒண்ணு இல்ல சார்."

"பதினஞ்சாவதா ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

"நீங்களே போட்டுக் கொண்டாங்க. நல்லாருந்தா சுவத்துல மாட்டுறேன்."

அவர் ஒரு மாதம் தேடினார். போனவன் திரும்பினானா என்று கேட்க நாதியில்லாத வீட்டை விடியும் முன்னே பூட்டிக்கொண்டு கிளம்புவார். சாமை வயல் ஓரமாக ஏறி, மூங்கில் காட்டுக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, மேலே உரல்பாறை வரைக்கும் ஒரு பழைய வண்டித்தடம் போவதைக் கண்டுபிடித்தார். பாறையிலிருந்து மறுபக்கம் இறங்கினால் கொட்டகைக்கே வந்துவிடலாம். மொத்தம் முப்பத்திரண்டு கிலோமீட்டர்.

ஏற்றத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. மூச்சு வாங்கும்போது துக்கம் கிட்டே வராது. இறக்கத்தில் கல்லையும் பள்ளத்தையும் பார்க்கவே இரண்டு கண் போதாது. நின்றால்தான் வம்பு.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவர் கொட்டகைக்கு வந்து, வழியைப் பதிவு செய்த போனை அவளிடம் நீட்டினார்.

அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"ஓட்டின நேரம் மூணேகால் மணின்னு காட்டுது."

"ஆமா."

"காலைல ஆறு மணிக்கு இந்த வழியாத்தான போனீங்க?"

"ஆமா."

"இப்ப மணி ஒண்ணு. மீதி மூணே முக்கால் மணி நேரம் எங்க சார்?"

"வழியில பஞ்சர்."

அவள் அவருடைய சைக்கிளைப் பார்த்தாள். சட்டத்தில் மாட்டியிருந்த காற்றுப் பம்பின்மேல் செம்மண் தூசி படிந்திருந்தது. அதில் ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை. அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. போனில் எதையோ மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சைக்கிள் நின்னா இதுவும் நேரம் பாக்கிறத நிறுத்திக்கும். அத மாத்திட்டேன். இனிமே நீங்க நின்னாலும் இது நிக்காது. நாளைக்கு இன்னொரு தடவ போய்ட்டு வாங்க."

மறுநாளும் அவர் ஒரு மணிக்குத்தான் வந்தார். போனை அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எடுத்துப் பார்த்தாள். உரல்பாறையில் மூன்றே முக்கால் மணி நேரம்.

"நல்ல நிழலா சார் அங்க?"

"மொட்டைப் பாறை."

"அப்புறம்?"



"மூங்கில் காட்டத் தாண்டிட்டா டவர் கிடைக்கிற இடம் அது ஒண்ணுதான் டீச்சர்."

"யாருக்குப் பேசுவீங்க?"

"யாருக்கும் பேசறதில்ல. போன மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அவள் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்காரவில்லை.

"கூட்ஸ் வண்டிய எங்கயாவது ஓரங்கட்டிப் போட்டுடுவாங்க. அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம். கடைசிப் பெட்டில நான் ஒருத்தன். லைட் கிடையாது, ஃபேன் கிடையாது. வண்டி நின்னா ரேணுவுக்கு எப்படித்தான் தெரியுமோ, போன் பண்ணிடுவா. எங்க இருக்கீங்க? அது ஒண்ணுதான் கேப்பா. எனக்கு எரிச்சலா வரும். எங்க இருந்தா உனக்கென்ன, வீட்டுக்குத்தான வருவேன்னு கத்துவேன்."

ரேணுகா அவர் மனைவி. அவர் ஓய்வு பெற்ற எட்டாம் மாதம் போய்ச் சேர்ந்தாள். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

"நான் எங்க இருக்கேன்னு கேக்க இந்த உலகத்துல இப்ப ஒரு ஆள் இல்ல. போன் வராதுன்னு எனக்குத் தெரியும். கிறுக்கு ஒண்ணும் பிடிக்கல. தெரிஞ்சேதான் உக்காந்திருக்கேன்."

வெளியே சரளைமேல் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி அவர் சொன்னார்.

"நீங்க சொன்னது சரி. அப்படி ஒரு வழி இல்ல. இத அழிச்சுப் போடுங்க. நாளைலேருந்து நான் வரல. சைக்கிள யாருக்காவது குடுத்துடுங்க. வீட்டுலயே உக்காந்து பாத்துக்கிறேன்."

"அழிக்கிறதா மாட்டுறதான்னு நான் ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள் பச்சையம்மாள். "போட்டவங்க பேச்சக் கேட்டு எந்த வழியும் இந்தச் சுவத்துல ஏறினதில்ல. நாளைக்கு நான் மட்டும் போறேன். நீங்க இங்க இருங்க."

"நான் எதுக்கு?"

"எட்டு மணிக்குப் பாறைக்குப் போயிடுவேன். போன் பண்ணி எங்க இருக்கேன்னு கேளுங்க."

"அத நான் கேக்கணுமா?"

"யாராவது ஒருத்தர் கேக்கணுமே சார்."

மறுநாள் ஆறு மணிக்கு அவள் கிளம்பினாள். பழக்கதோஷம், அவர் கை பச்சைக்கொடியைத் தேடியது. சைக்கிள் சரளையை நெரிக்கும் சத்தம் ஓயும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

எட்டு மணிக்குப் போன் செய்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. எட்டே காலுக்கும் அதையே சொன்னது. சரி, கொஞ்சம் மெதுவாகப் போகிறாள் என்று டீக்குத் தண்ணீர் வைத்தார்.

எட்டு இருபதுக்கு, நேற்று சாயங்காலம் மேலே மழை இருட்டியது ஞாபகத்துக்கு வந்தது. ஓடையில் தண்ணீர் வந்திருக்கும். அந்தக் கல்லெல்லாம் வழுக்கும். ஓடைக்கு மேலே மூன்றாவது வளைவில் பாதை பாதி சரிந்திருப்பதை அவர் அவளிடம் சொன்னாரா? சொல்லவில்லை. போன மாதம் கரடி வந்ததாக யாரோ சொன்னார்கள். மறுபடி போன் செய்தார். மறுபடி அதே மரியாதை. அடுப்பில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் தீய்ந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

கடைசிப் பெட்டியில் இருந்தவனுக்கு இருட்டு ஒன்றுதான். வீட்டில் போனோடு இருந்தவளுக்குத்தான் எல்லா வளைவும், எல்லாப் பாலமும், எல்லா விபத்தும். இத்தனை வருடமும் ரேணு இப்படித்தான் இருந்திருக்கிறாள். அவளிடம் போய்க் கத்தியிருக்கிறோமே.

எட்டே முக்காலுக்குப் போட்டபோது அந்தப் பக்கம் மணி அடித்தது. மூன்று தரம், நான்கு தரம். எடுத்தாள்.

ஹலோ சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கோபமும் பயமுமாக வேறு ஒன்று வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"பாறைல இருக்கேன் சார். ஓடையில தண்ணி ஜாஸ்தி. சைக்கிளத் தோள்ல போட்டுக்கிட்டு சுத்தி வந்தேன். இப்பத்தான் உக்காந்தேன்."

அந்தப் பக்கம் காற்று வீசும் சத்தம் கேட்டது. அவர் மூச்சை விட்டார்.

"சார்."

"ம்."

"நீங்க எங்க இருக்கீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கொட்டகை எங்கோ கீழே இருந்தது. காலில் ரப்பர் செருப்போடு, கையில் போனோடு, முதல் வளைவு தாண்டி சாமை வயல் ஓரம்வரை ஏறி வந்திருந்தார். எப்போது நடக்க ஆரம்பித்தார் என்று தெரியவில்லை.

சொல்ல வாயைத் திறந்தார்.

மேலே அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.