கவலைக்கு ஓர் ஆள்

மருதங்காட்டை ஆண்ட உக்கிரராயருக்குப் பகைவர் யாரும் இல்லை. அந்தக் குறை தெரியாமல் தமக்குத் தாமே பகைவராக இருந்து பார்த்துக்கொண்டார். "எந்தச் செய்தியானாலும் அந்த நிமிஷமே என் காதுக்கு வரவேண்டும்!" என்பது அவர் கட்டளை. குளிக்கும்போதும் ஆள் வருவான், கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போதும் ஆள் வருவான்.

"மகாராஜா, பட்டத்து யானை ஒரு கவளம் சோற்றை மிச்சம் வைத்துவிட்டது!"

"ஐயோ! என்ன நோயோ!"

"மகாராஜா, அடுத்த பாளையத்து ராஜா மீசையை முறுக்கினாராம்!"

"ஐயோ! படை வருமோ!"

சோறு ஆறிப்போகும், தூக்கம் ஓடிப்போகும். நாளாவட்டத்தில் ராயருக்குப் புளியேப்பம், தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு. அரண்மனை வைத்தியர் மருதீசர் நாடி பிடித்துப் பார்த்து, உள்ளதைச் சொன்னார்.

"மகாராஜா, இது இன்றைக்கு வெறும் படபடப்பு. இப்படியே பத்து வருஷம் போனால் இதயமும் குடலும் தேய்ந்துவிடும். கவலையைக் குறைத்து, நன்றாகத் தூங்கவேண்டும்."

"குறைக்கவேண்டுமா? பௌர்ணமிக்குள் நீரே குறைத்துவிடும். இல்லாவிட்டால் தலையை மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி நாடு கடத்துவேன்!"

பாவம் மருதீசர்! பத்து நாளில் பதினெட்டுக் கஷாயம் காய்ச்சினார். பலிக்கவில்லை. பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கும்போது, சபையில் வாய்ச்சாலகர் என்று பெயரெடுத்த குழைக்காதரிடம் ஓடினார்.

"ஓய் குழைக்காதரே! அறுபது வயதில் கழுதைமேல் ஏறினால் என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"கழுதையின் இடுப்பையும் நினைத்துப் பாரும் ஓய். நான் வருகிறேன்."

குழைக்காதர் நேரே ராயரிடம் போனார். "மகாராஜா, குடை பிடிக்க ஆள் இருக்கிறான். தாம்பூலப் பெட்டி சுமக்க அடைப்பக்காரன் இருக்கிறான். எச்சில் படிக்கம் ஏந்தக்கூட ஒருவன் இருக்கிறான். கவலையை மட்டும் தாங்களே சுமக்கிறீர்களே, இது ராஜ மரியாதைக்கு அடுக்குமா?"

ராயருக்குச் சுருக்கென்றது. "அடடா, எனக்கு இது தோன்றவில்லையே! உடனே ஒரு கவலைக்காரனைப் போடும்!"

"போடுகிறேன். ஆனால் ஒரு முறை உண்டு. குடைக்காரன் கையிலிருந்து குடையைத் தாங்கள் பிடுங்குவதில்லை அல்லவா? அதுபோல் பழைய கவலைகளும், மூன்று நாளைக்கு வரும் எந்தச் செய்தியும் அவனிடம்தான் போகவேண்டும். தாங்கள் கேட்கக்கூடாது."

நின்றபடியே தூங்குவதில் பேர்போன வாயிற்காவலன் பேச்சிமுத்துவுக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. அரண்மனையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

முதல் நாள் ராயருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் சாப்பாட்டில் மிளகு ரசம் மணப்பது தெரிந்தது. ஆனாலும் 'அந்தப் பயல் ஒழுங்காகக் கவலைப்படுகிறானா?' என்று ஒரு புதுக் கவலை முளைத்து, கண்ணை மூடவிடாமல் செய்தது. நாலாம் நாள் பௌர்ணமி. விடிந்ததும் விறுவிறுவென்று போய்ப் பார்த்தால், வேப்பமரத்தடியில் பாயை விரித்து, பேச்சிமுத்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் குழைக்காதர் பனையோலை விசிறியால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். வைத்தியர் தம் குடுமியைத் தடவியபடி நின்றார்.

"டேய்! என் கவலையெல்லாம் எங்கேடா?"

பேச்சிமுத்து அடித்துப் பிடித்து எழுந்தான். "எல்லாம் பத்திரமாப் பட்டுட்டேன் மகராசா! யானை அன்னிக்குச் சாயங்காலமே பாகன் சோத்தையும் சேத்துத் தின்னுட்டுது."

"மீசை?"

"அந்த ராசா மீசையில எறும்பு ஏறிச்சாம். தட்டிவிட்டாராம்."

"அவ்வளவுதானா?"

"குளத்தங்கரை கசியுதுன்னு ஒருத்தன் வந்தான். அது மட்டும் நெசம். மடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன், அப்பவே களிமண் வச்சு அடைச்சுட்டாக. மத்ததெல்லாம் நான் கவலைப்பட நேரம் ஒதுக்குறதுக்குள்ள தானே சரியாப்போச்சு மகராசா."

எத்தனை எறும்புக்காக எத்தனை ராத்திரி விழித்திருந்தோம் என்று நினைத்ததும் ராயருக்கே வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் குழைக்காதர்மேல் பாய்ந்தார்.

"சரி ஐயா! வேலை முடிந்தது என்றால் என்னிடம் வந்து சொல்வதற்கென்ன? விடிந்த பிறகும் இவன் தூங்குவான், நீர் விசிறுவீரா?"

"கோபித்துக்கொள்ளாதீர்கள், மகாராஜா. இன்னும் ஒரு கவலை பாக்கி இருக்கிறது. 'நம் ராஜா தூங்காமல் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாரே' என்று ஊர் முழுக்கக் கவலை. அதைத் தீர்க்கத்தான் தங்களுக்குப் பதிலாக இவனே நேற்றிலிருந்து தூங்கிப் பார்க்கிறான். நானும் விசிறிப் பார்க்கிறேன். அது மட்டும் பலிக்க மாட்டேன் என்கிறது!"

ராயர் இடி இடித்தாற்போல் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வைத்தியரே, உம் குடுமி பிழைத்தது!" என்றவர், கிரீடத்தைக் கழற்றிக் குழைக்காதர் மடியில் வைத்தார்.

"டேய் பேச்சிமுத்து, கொஞ்சம் தள்ளிப் படுடா!"