பஜ்ஜி எங்கே?

"நானூத்திப் பன்னெண்டு பேரு வந்தாங்க குருவே. சேர்ந்தது மூணே மூணு பேரு!"

மாடிப்படி ஏறிவந்த மூச்சு அடங்குவதற்குள் பூங்கோதை கொட்டிவிட்டாள்.

குரு லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நானூத்திப் பன்னெண்டுல நீங்க எத்தனை பேரு அக்கா?"

"நான் ஒருத்திதான். நான் எத்தனை பேரு இருப்பேன்?"

"அந்த பேஜை நீங்க எத்தனை தடவை திறந்து பார்த்தீங்க?"

பூங்கோதை யோசித்தாள். காலையில் பல் விளக்கும்போது. பஸ்ஸில். சோறு வடிக்கும்போது. மஸ்கட்டில் இருக்கும் தங்கச்சி வேறு பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறாள்.

"ஒரு நூறு இருக்கும்," என்றாள், குரல் இறங்கிப்போய்.

இந்த குருவுக்கு இருபத்து மூன்று வயது. பெயர் நிலோஃபர். ஆசிரமம், திருச்சி பாலக்கரையில் சைக்கிள் கடை மாடி. போனில் வரும் விளம்பரத்தைத் தொட்டால் நாம் போய் இறங்குகிறோமே ஒரு பக்கம், அதற்கு லேண்டிங் பேஜ் என்று பெயர். கேக் கடைக்காரர் முதல் டிரைவிங் ஸ்கூல்காரர் வரை அதைச் சரிபண்ண இவளிடம்தான் ஓடிவருவார்கள்.

சிஷ்யைக்கு நாற்பத்தைந்து. பதினெட்டு வருஷம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்தவள். போன மாதம் வேலையை விட்டுவிட்டாள், சொந்தமாகத் தையல் கிளாஸ் நடத்தப் போகிறேன் என்று. சூப்பர்வைசர் குமரேசன் சிரித்தாராம். "கிளாஸ் தொடங்குற திங்கட்கிழமை வரைக்கும் உன் மெஷினைக் காலியா வச்சிருக்கேன் பூங்கோதை. எப்படியும் வந்துருவே."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும்.

கிளாஸுக்கு இடம் பார்த்தாயிற்று. தெரு நலச் சங்கத்தின் மாடி ஹால். செயலாளர் அடைக்கலம் சார் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இருபது பேர் லிஸ்ட் வேணும்மா. இல்லேன்னா அபாகஸ் கிளாஸ்காரங்களுக்குக் கொடுத்துருவேன்."

இன்று புதன்கிழமை.

"மீதி முந்நூறு பேரு நெஜமா வந்தவங்க," என்றாள் நிலோஃபர். "நாலு செகண்டு நின்னிருக்காங்க. போயிட்டாங்க."

"நாலு செகண்டா! அதுக்கு நான் மூணு நாள் உட்கார்ந்து செஞ்சேனே!"

"பார்த்தவங்க என்ன சொன்னாங்க?"

பூங்கோதையின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. பேஜ் சூப்பர்னு!"

நிலோஃபர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்லாவே! அவ்வளவு மோசமா?"

திரும்ப லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டாள் அந்தப் பெண். கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள் பூங்கோதை. ஒன்றும் நடக்கவில்லை. குருவாயிற்றே!

மறுநாள் மூன்றரை மணிக்கு போன் வந்தது.

"அக்கா, சூடா வாழைக்காய் பஜ்ஜி வந்திருக்கு. தேங்காய்ச் சட்னியோட. உடனே வாங்க!"

பூங்கோதைக்கு பஜ்ஜி என்றால் உயிர். போட்டது போட்டபடி கிளம்பிவிட்டாள். நாற்பது படியையும் ஒரே மூச்சில் ஏறினாள். வாசனை பதினைந்தாம் படியிலேயே வந்து வரவேற்றது.

கதவருகே நிலோஃபர் ஒரு நோட்டோடு நின்றிருந்தாள்.

"உங்க பேரு?"

"என்னது?"

"பேரு, வயசு, படிப்பு, வீட்டுக்காரர் பேரு, பின்கோடு."

"விளையாடாதே பாப்பா. பஜ்ஜி ஆறிடும்."

"எழுதினாத்தான் உள்ள விட முடியும்."

இது என்ன புதுக் கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே பூங்கோதை எழுதினாள். பின்கோடு மறந்துபோயிற்று. தப்பான நம்பரை எழுதிவைத்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் நிலோஃபர் ஒரு ஆல்பத்தைப் பிரித்து மடியில் வைத்தாள்.

"இது நான் அஞ்சாம் கிளாஸ்ல பேச்சுப் போட்டியில கப் வாங்கினது. இது எங்க அத்தா முதல் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தன்னைக்கு. இது இந்த ஆபீஸைத் திறந்தன்னைக்கு, ரிப்பன் வெட்டுறது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"நல்லா இருக்கும்மா. எல்லாம் நல்லா இருக்கு." பூங்கோதையின் கண் ஆல்பத்தில் இல்லை. அறையின் நாலு மூலையையும் அலசிக்கொண்டிருந்தது. வாசனை மட்டும் வருகிறது, தட்டைக் காணோம்!

"எங்கள் தொலைநோக்குப் பார்வை என்னன்னா..."

"பஜ்ஜி எங்கே?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, நீங்க ஏன் பஜ்ஜி சாப்பிட விரும்புறீங்கன்னு நூறு வார்த்தைக்குள்ள..."

பூங்கோதை எழுந்தேவிட்டாள். கட்டிய புடவையோடு வேகாத வெயிலில் ஓடிவந்தவளை வைத்துக்கொண்டு என்ன கேலி இது? வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?

"நான் போறேன்."

நிலோஃபர் பாய்ந்து போய்க் கதவை மறித்து இரண்டு கையையும் ஆட்டினாள். "போகாதீங்க! போகாதீங்க! போறதுக்கு முன்னாடி எங்க சிறப்புச் சலுகையைப் பாருங்க!"

"தள்ளுடி!"

அவளை ஒதுக்கிவிட்டுப் படியிறங்கினாள் பூங்கோதை. ஒரு படி. இரண்டு படி.

மூன்றாவது படியில் நின்றாள்.

ஆல்பம். பின்கோடு. நூறு வார்த்தை. போகாதீங்க.

எல்லாமே அவள் கையால் வைத்தது. அவள் பேஜில் ஒன்றுவிடாமல் இருப்பது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். கதவில் சாய்ந்துகொண்டு குரு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அடிப்பாவி!" என்று கத்திக்கொண்டே திரும்ப ஏறினாள் பூங்கோதை. "அடிப்பாவி! விளம்பரத்துல நான் என்ன சொன்னேன், சொல்லு!"

"நீங்கதான் சொல்லணும்."

"பழைய ஜாக்கெட் ஒண்ணு கொண்டு வாங்க. பத்தாம் நாள் நீங்களே தைச்ச புது ஜாக்கெட்டைப் போட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன்!"

"அதை நம்பி ஓடிவந்தாங்களே. உள்ள ஜாக்கெட் இருந்துச்சா?"

இல்லை. எட்டாவது பத்தியில், ஊசி சுற்றும் படத்துக்கும் கீழே, எங்கேயோ இருந்தது.

நிலோஃபர் மேசையடியிலிருந்து தட்டை எடுத்தாள். பஜ்ஜி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

பூங்கோதை வாயில் ஒன்று, கையில் ஒன்றாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். குரு பின்னால் நின்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இது யாருக்கு?"

சுற்றுகிற ஊசி. "எனக்கு." போயிற்று.

'எங்களைப் பற்றி', 'புகைப்படங்கள்', 'வாழ்த்துச் செய்திகள்' என்று மேலே வரிசையாக இருந்த பட்டன்கள். "எனக்குத்தான்." போயின.

வீட்டுக்காரர் பெயர். "அது எனக்கே எதுக்குன்னு தெரியலையே!" சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதுவும் போயிற்று.

கடைசியாக அந்தப் போட்டோ. கம்பெனி ஆண்டுவிழாவில் சிறந்த தையல்காரி என்று ஷீல்டு வாங்கிக்கொண்டு நிற்கிறாள் பூங்கோதை, பட்டுப்புடவையில்.

"இது யாருக்கு?"

பூங்கோதை மெல்லுவதை நிறுத்தினாள். பதினெட்டு வருஷத்தில் மேடையேறியது அந்த ஒரு நாள்தான்.

நிலோஃபர் அவள் தோளில் கை வைத்தாள். "ஷீல்டை ஹால் சுவத்துல மாட்டுங்கக்கா. உள்ள வந்தவங்க நின்னு பார்க்கட்டும்."

பூங்கோதை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பட்டனைத் தட்டினாள். போட்டோ போயிற்று.

மிச்சம் நின்றது இவ்வளவுதான். விளம்பரத்தில் சொன்ன அதே வரி, அப்படியே. அதன் கீழே ஒரு படம்: பழைய ஜாக்கெட்டும் பக்கத்தில் புதுசும். நாள், நேரம், இடம். பேரும் போன் நம்பரும் எழுத இரண்டு கட்டம். பட்டன் ஒன்றே ஒன்று. அதில் 'சமர்ப்பி' என்று இருந்ததை எடுத்துவிட்டு, 'என்னையும் சேத்துக்கோங்க' என்று போட்டாள் பூங்கோதை. தன்னிடம் வரும் பெண்கள் எப்படிக் கேட்பார்களோ, அப்படி.

"மொட்டையா இருக்கே நிலோ," என்றாள்.

"ஜாக்கெட் கண்ணுல பட்டாப் போதும்க்கா. பேஜ் படக் கூடாது," என்று குரு கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்டு பேர்!

பூங்கோதை சமையலறையில் தனியாகக் குதித்தாள். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதினாறு. தங்கச்சிக்கு போன் போட்டுக் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினெட்டு. மத்தியானம் பத்தொன்பது.

அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது.

நாலு மணி. பத்தொன்பது. நாலேகால். பத்தொன்பது. சைக்கிள் கடை மாடியில் பூங்கோதை குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நிலோஃபர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். பஜ்ஜிதான். பூங்கோதைக்கு இறங்கவில்லை.

"நிலோ, அந்த ஊசியைத் திரும்ப சுத்த விடுவோமா?"

"வேண்டாம்."

"இன்னும் ஒரே ஒரு இடம்தான் இருக்குன்னு சிவப்புல மின்ன விடுவோம். பயந்து சேருவாங்க!"

"இருபத்தொண்ணாவதா ஒருத்தி வந்தா திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"அதெப்படி அனுப்புவேன்? முப்பது பேரு வந்தாலும் சேத்துக்குவேன்."

"அப்புறம் ஒரே இடம்தான்னு எப்படிச் சொல்றது?" என்றாள் நிலோஃபர்.

"சரி, சரி. மின்ன வேண்டாம்."

நாலரைக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சூப்பர்வைசர் குமரேசன். 'மெஷினைத் துடைச்சு வச்சாச்சு.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி.

பூங்கோதை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த வாசலில் போய் நிற்பதா? அதைவிட வேறு அவமானம் உண்டா?

நாலு நாற்பத்தைந்து. பத்தொன்பது.

படியில் தடதடவென்று சத்தம்.

"பார்சல்! ஓடிபி சொல்லுங்க மேடம், சீக்கிரம்!"

கூரியர்காரப் பெண். தலையில் ஹெல்மெட், கக்கத்தில் ஒரு பெட்டி, முதுகில் மூட்டை. இன்னும் ஏழு வீடு பாக்கி என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"ஓடிபி இன்னும் வரலியேம்மா," என்றாள் நிலோஃபர். "வர்றதுக்குள்ள இதைக் கொஞ்சம் பாரேன்." தன் போனை நீட்டினாள்.

பூங்கோதை துள்ளி எழுந்தாள். விடுவாளா! "அது வந்தும்மா, நான் பதினெட்டு வருஷமா கம்பெனியில..."

நிலோஃபர் ஒரு முழு பஜ்ஜியை எடுத்து அவள் வாயில் திணித்தாள்.

"ம்ம்ம்!" என்றாள் பூங்கோதை.

அந்தப் பெண் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் போன். கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாள். நின்றாள். திரும்ப மேலே தள்ளிப் பார்த்தாள்.

பெட்டியைத் தரையில் வைத்தாள்.

விரல்கள் ஓடின. பேர். நம்பர். ஒரு தட்டு.

மேசையில் லேப்டாப் டிங் என்றது.

இருபது!

பூங்கோதைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கத்தலாம் என்றால் வாய் நிறைய வாழைக்காய். நிலோஃபர் லிஸ்ட்டை அடைக்கலம் சாருக்குத் தட்டிவிட்டாள். நாலு ஐம்பத்திரண்டு. உடனே பதில்: 'சாவி வாங்கிக்கச் சொல்லும்மா.'

"டீச்சர் யாரு, இவங்களா?" கூரியர்காரப் பெண் பூங்கோதை பக்கம் திரும்பினாள். "அக்கா, பழைய ஜாக்கெட்டு கைகிட்ட கிழிஞ்சிருந்தா பரவாயில்லையா? டெய்லர் டைட்டா தைச்சு அங்கதான் கிழியுது. எங்க அக்கா கல்யாணத்துக்கே போட முடியாம அழுதேன்."

பூங்கோதை வேகவேகமாகத் தலையாட்டினாள்.

"ஹூக்கு, நூலெல்லாம் நான் வாங்கிட்டு வரணுமா?"

வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"ஓடிபி வந்துருச்சு," என்றாள் நிலோஃபர். "நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஒம்பது."

"நாளைக்குக் காலையில பத்து மணி, மாடி ஹால். வந்துடுறேன்க்கா!" அந்தப் பெண் மூட்டையோடு படியில் பாய்ந்தாள்.

பூங்கோதை பஜ்ஜியை ஒரே முழுங்காக முழுங்கிவிட்டுக் கதவுக்கு ஓடினாள். கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

"ஏம்மா! பேஜ் எப்படி இருந்துச்சு?"

மூன்றாவது படியில் நின்று அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த பேஜ்க்கா?"