அரசரின் இடுப்பும் மிளகின் விலையும்

வங்கத்துறை என்ற கடற்கரைச் சீமையை நன்மாற வேள் ஆண்ட காலத்தில் அரண்மனைக்கு ஒரு பொறி வந்தது. அது வந்த நாள் முதல் அரசருக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நன்மாற வேளுக்கு எந்தக் காலத்திலும் சாப்பாடு இறங்காமல் இருந்ததில்லை.

பொறியைக் கொண்டுவந்தவன் குபேரராயன், மிளகு வணிகன். இரண்டு உருளைகளில் சுற்றிய நீளமான துணி அது. சந்தை நாள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு மணி தைத்திருந்தது. மிளகு விலை ஏறிய நாளுக்குப் பச்சை மணி, இறங்கிய நாளுக்குச் சிவப்பு மணி. விலை கூடக் கூட மணி மேலே ஏறும். துணிக்கு முன்னால் ஒரு மரச் சட்டம். அதன் இரண்டு பலகைகளையும் நெருக்கினால் சில நாட்கள் மட்டும் தெரியும், விலக்கினால் பல வருஷங்கள் தெரியும். குறுக்கே ஒரு நூல், நெடுக்கே ஒரு நூல். இரண்டும் சந்திக்கும் இடத்தை எந்த மணிமேல் வைத்தாலும் அந்த நாளையும் விலையையும் ஓரத்தில் படித்துக்கொள்ளலாம்.

அரசர் குழந்தையாகிவிட்டார். உருளையைச் சுற்றுவார், நூலை நகர்த்துவார், கை தட்டுவார்.

"ஓய் அம்பலத்தாடி, பாரும்! போன வெள்ளிக்கிழமை விலை என் விரல் நுனியில்!"

அம்பலத்தாடி அந்தச் சபையின் மந்திரி. வாயாடி என்று ஊரெல்லாம் பெயர். அன்று அவர் பார்வை பொறிமேல் இல்லை, குபேரராயன்மேல் இருந்தது.

குபேரராயன் மஞ்சள் நூல் ஒன்றை எடுத்தான். கீழே இருந்த மணியில் ஒரு முனையை முடிந்தான். மேலே இருந்த மணியைத் தொட்டு, துணியைத் தாண்டி, கூரைவரைக்கும் இழுத்துக் கட்டினான்.

"நூல் போகிற போக்கைப் பார்த்தீர்களா அரசே? ஆடி மாதம் மிளகு விலை கூரையைத் தொடும். களஞ்சியத்து நெல்லை எனக்குக் கொடுங்கள். என் கிடங்கு மிளகு முழுவதையும் தருகிறேன்."

அம்பலத்தாடி முன்னால் வந்தார். அது பஞ்சத்துக்கென்று வைத்த நெல். மூன்று வருஷத்துக்கு முன்பு மழை பொய்த்தபோது ஊரே அதைத் தின்றுதான் பிழைத்தது. அவர் வீட்டு உலையும் அந்த நெல்லால்தான் கொதித்தது. மழை இல்லாத வருஷம் மிளகைப் பொங்கித் தின்ன முடியுமா?

"விலை கூரையைத் தொடும் என்றால் உம் மிளகை நீரே வைத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டார்.

"அரசர்மேல் எனக்குள்ள அன்பு ஐயா!"

"அப்படியா! பலகையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டும்."

"கூடவே கூடாது. அகலமாகப் பார்த்தால் கண் மங்கும்."

அரசர் கையை உயர்த்தினார். "போதும். நூல் சொல்லிவிட்டது. நாளைக் காலை களஞ்சியச் சாவி குபேரராயனுக்கு!"

மறுநாள் காலை அரசரை எழுப்பியது கடப்பாரைச் சத்தம். ஓடி வந்து பார்த்தால், அரண்மனை வாசல் நிலையைக் கொத்தர்கள் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பலத்தாடி வெற்றிலை மென்றபடி வேலை வாங்கிக்கொண்டிருந்தார். சாவி வாங்க வந்த குபேரராயன் வாய் பிளந்து நின்றான்.

"என் வாசலை இடிக்க உமக்கு உத்தரவு கொடுத்தது யார்?"

"நூல், அரசே."

அம்பலத்தாடி ஒரு துணியை அதே மாதிரி ஒரு மரச் சட்டத்தில் மாட்டி நிறுத்தியிருந்தார். அதில் மூன்றே மூன்று பச்சை மணிகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. கடைசி மணியிலிருந்து மஞ்சள் நூல் வானத்தைப் பார்த்துப் போனது.

"இது என்ன விலை?"

"விலை இல்லை அரசே, தங்கள் இடுப்பு."

கொத்தர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தையற்காரர் மீரான் அமாவாசைதோறும் அரசருக்கு இடுப்பளவு எடுப்பார். அளவை வாய்விட்டுச் சொன்னால் அரசருக்குக் கோபம் வரும். அதனால் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அந்த முடிச்சுகளைத்தான் அம்பலத்தாடி மணிகளாகத் தைத்திருந்தார்.

"ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, மூன்று அமாவாசையும் ஏற்றம். இந்தப் போக்கில் ஆடி மாதம் தாங்கள் வாசலைவிட அகலம். உள்ளே மாட்டிக்கொண்டால் நாட்டை யார் ஆள்வது?"

"அறிவிருக்கிறதா உமக்கு?" அரசர் கத்தினார். "புரட்டாசி விரதத்தில் இளைத்தேன். பிறகு தீபாவளி வந்தது, கார்த்திகை அப்பம் வந்தது, பருத்தேன். அடுத்த புரட்டாசியில் மறுபடி இளைப்பேன். வருஷா வருஷம் நடப்பதுதானே!"

"எனக்குத் தெரிவது மூன்று மணிதானே அரசே?"

"பலகையை விலக்கும்!"

"கூடவே கூடாது. அகலமாகப் பார்த்தால் கண் மங்கும்."

அரசரே பலகைகளைத் தள்ளினார். பத்து வருஷத்து இடுப்பும் தெரிந்தது. தீபாவளிக்கு ஏறி, பொங்கலில் உச்சிக்குப் போய், புரட்டாசியில் இறங்கி, மறுபடி ஏறி, கரைக்கு வரும் அலை மாதிரி இருந்தது.

அரசர் விறுவிறுவென்று சபைக்குப் போனார். மிளகுத் துணியின் பலகைகளை இரண்டு பக்கமும் தள்ளினார். ஒவ்வொரு வருஷமும் மார்கழிவரை பச்சை மணி. தை பிறந்து மலையிலிருந்து புது மிளகு இறங்கியதும் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. இரண்டு நூல்களையும் போன தை மாதத்து மணிமேல் வைத்து விலையை உரக்கப் படித்தார். இன்றைய விலையில் பாதிகூட இல்லை.

"குபேரராயா, இதுதான் உன் அன்பா?"

திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். இடித்த வாசல் ஓடுவதற்கு வசதியாக இருந்திருக்கிறது.

களஞ்சியச் சாவியை அரசர் தம் இடைக்கச்சையிலேயே முடிந்துகொண்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார்.

"ஊர்ச் சோற்றைக் காப்பாற்றினீர். சரி, என் வாசலை எப்போது கட்டித் தருவீர்?"

அம்பலத்தாடி அரசரின் இடுப்பை ஒரு முறை பார்த்தார், வாசலை ஒரு முறை பார்த்தார்.

"பொங்கல் கழியட்டும் அரசே. எதற்கும் இருக்கட்டும்."

அரசர் சிரித்த சிரிப்பில் இடைக்கச்சை பட்டென்று அறுந்தது. மீரான் கயிற்றோடு ஓடி வந்தார்.