மேனேஜருக்கு எந்த ரூம்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி மடிக்கிற மயிலாத்தா, கைநடுக்கம் வந்த அக்காவைச் சேர்க்க முதியோர் இல்லத்துக்குப் போனாள். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் அவளால் முடியாது.

மேனேஜர் மிடுக்காகச் சொன்னார். "மாசம் பன்னெண்டாயிரம். டீ ஆத்திக் குடுக்க, கண்ணாடி மாட்டிவிட, செருப்புப் போட்டுவிட ஆள் வேணும்னா ஒவ்வொண்ணுக்கும் ஆயிரம்."

அவர் சொல்லச் சொல்லவே இல்லத்தில் வேலை செய்யும் ஆயா அவருக்கு டீ ஆற்றி வைத்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். மேசைக்கடியில் கிடந்த செருப்பை எடுத்துக் காலில் போட்டுவிட்டாள்.

"ஆத்தாடி! அப்படின்னா உங்களுக்கே பதினஞ்சாயிரம் ஆகுமுங்களே சார்! நீங்க எந்த ரூமுங்க?" என்றாள் மயிலாத்தா.

இடம் கேட்டு வரிசையில் நின்றவர்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். மேனேஜர் முகம் சிவந்து, சேர்க்கைத் தாளில் எழுதியிருந்த கூடுதல் மூவாயிரத்தையும் பேனாவால் அடித்தார். மயிலாத்தாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சாயங்காலம் ஆயா அக்காவுக்கு டீ ஆற்றிக் கொடுத்தாள். மேனேஜர் தன் டீயைத் தானே ஆற்றிக்கொண்டிருந்தார்.