மடத்துக்குத் திரும்ப வேண்டிய கல்

மலையடிவாரத்து மடத்தில், விஷத்தை முறிக்கும் என்று ஊரார் நம்பிய ஒரு விஷக்கல் இருந்தது. பாம்பு கடித்து வருபவர் கையில் அதைக் கொடுத்து அடிகள் சொல்வார்: "இறுக்கிப் பிடிச்சுக்க. நடக்காதே. ஆஸ்பத்திரில ஊசி போட்டப்புறம்தான் கையைத் திறக்கணும்." பிழைத்து வந்ததும் கல்லை மடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

சீடன் மருதப்பன் முன்பு அறிவியல் வாத்தியார். அது வெறும் ஆற்றுக் கல் என்று பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை.

"இது பொய்யில்லையா, சாமி?"

"பொய்தான்" என்பார் அடிகள். அத்தோடு சரி.

ஒருமுறை கடிபட்ட முத்தையன் பிழைத்து வீடு திரும்பினான். கல்லை வாங்கி வரும்படி அடிகள் மருதப்பனை அனுப்பினார். ஒரு கூழாங்கல்லுக்காக இரண்டு மைல் நடப்பதா? ஆற்றில் அதே மாதிரி ஒன்றைப் பொறுக்கி, மடத்தில் கல்லை வைக்கும் பெட்டியில் போட்டுவிட்டான்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை சேதி வந்தது. முத்தையன் மனைவி செங்கமலத்தைக் கடலைக் காட்டில் விரியன் கடித்துவிட்டதாம். அவள் மடத்துக்கும் வரவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. மருதப்பன் அவள் வீட்டுக்கு ஓடினான்.

கட்டிலில் கையை மூடியபடி படுத்திருந்தாள்.

"அவரைக் காப்பாத்துன கல்லு வீட்டுலயே இருக்கு, சாமி. ஆஸ்பத்திரி எதுக்கு?"

அது சும்மா கல் என்றான். காப்பாற்றியது ஊசிதான் என்று கெஞ்சினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்தையனும் கல்லைத்தான் நம்பினான். வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

கடைசியில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து சொன்னான்: "ஊசி போட்டாத்தான் கல்லுக்குச் சக்தி வரும், தாயி."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள் அவள். முத்தையன் வண்டிக்கு ஓடினான்.

நான்காம் நாள் அவளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் மருதப்பன் மடம் திரும்பினான். கல்லை மாற்றி வைத்ததையும் சொன்ன பொய்யையும் ஒளிக்காமல் சொன்னான்.

"உண்மையைச் சொன்னேன், அசையல. பொய் சொன்னேன், வண்டி ஏறுனா. அப்ப எது சாமி பெருசு?"

அடிகள் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"அந்தக் கல்லு இப்ப எங்க?"

"அவங்க வீட்டுல. சாமி படத்துக்கிட்ட வெச்சு, பொட்டு வெச்சிருக்காங்க."

"போய் வாங்கிட்டு வா. பொய்யை இரவல் குடுக்கலாம். ஒருத்தர் வீட்டுல விட்டுட்டு வரக் கூடாது."