ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வரி

விடைபெற்றுக்கொள்ளத்தான் அன்று புலவர் தாணுலிங்கம் ஜெபக்கனி டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

சீடருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் அந்த அம்மாளிடம் ஆங்கிலச் செய்யுளின் யாப்பைப் படிக்கப்போகிறேன் என்று புலவர் கிளம்பியபோது ஊரில் சிரிக்காதவர்கள் குறைவு. புலவர் அதைச் சட்டைசெய்யவில்லை. வெண்பாவில் ஒரு சீர் பிசகினால், படிப்பவர் அடுத்த சீருக்குப் போவதற்குள் கையை உயர்த்தி நிறுத்தவைக்கிற காது அவருடையது. அந்தக் காது இருக்கும்வரை எந்த மொழிப் பாட்டும் தன்னிடம் தப்ப முடியாது என்று நம்பினார். கொஞ்சம் கர்வம்தான், ஆனால் அவருக்கு அது பொருந்தியும் இருந்தது.

பாடம்தான் ஏறவில்லை.

பாடத்துக்கென்று டீச்சர் தானே ஓர் ஆங்கில வரியைக் கட்டிக் கொடுத்திருந்தார். ‘த ரிவர் டுக் மை பிரதர்ஸ் போட் அட் டான்.’ விடியும் நேரத்தில் ஆறு என் தம்பியின் படகைக் கொண்டுபோய்விட்டது என்று பொருள். அந்த ஒற்றை வரியோடு புலவர் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்.

“ரிவர். ரெண்டு குறில் சேர்ந்து ஒற்றோட வருது. நிரையசை. ஆக, அசை ஒண்ணு” என்பார்.

“அது ரெண்டு, ஐயா.”

“எப்படிம்மா ரெண்டாகும்? சரி, போகட்டும். பிரதர்ஸ், நிரை நேர், புளிமா.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவார்.

நெடில் வந்த இடத்தில் எல்லாம் புலவர் கோடு போட்டார். ஆங்கிலமோ நெடிலைப் பற்றிக் கவலைப்படவில்லை. சொல்கிற குரல் எங்கே அழுந்துகிறதோ அதுதான் கணக்கு என்றார் டீச்சர். ‘டுக்’ என்ற குட்டைச் சொல்லில் அழுந்துகிறது, ‘மை’ என்ற நெடிலில் இல்லை என்றார். புலவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அவருக்கு எல்லாம் ஒரே மட்டமாகத்தான் கேட்டது.

அன்று கையில் புத்தகம் இல்லாமல் வந்து நின்றவரை டீச்சர் ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன ஐயா, வெறுங்கையோட வந்திருக்கீங்க?”

“போயிட்டு வாரேன்னு சொல்லத்தாம்மா வந்தேன். இனிமே எனக்கு இது வேண்டாம்.”

“இங்கிலீஷ் அவ்வளவு படுத்துதா?”

“இங்கிலீஷ் வராட்டிப் போகுது. இருந்த தமிழும் போயிட்டும்மா.”

முந்தின நாள் கவியரங்கத்துக்கு அவர்தான் தலைமை. அவருடைய பழைய மாணவர் இசக்கியப்பன் வெண்பா படித்தார். மூன்றாவது அடியில் தளை தட்டியது. ஒரு சீரை அடுத்த சீரோடு பிணைக்கிற கட்டுதான் தளை. அது அறுந்தால் வெண்பா வெண்பா இல்லை. கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, தளை தட்டுதே” என்றாள். மண்டபம் முழுக்கப் புலவரைப் பார்த்தது.

“எனக்குக் கேக்கவே இல்லைம்மா. அந்தப் பிள்ளை சொன்ன பிறகு விரல் விட்டு எண்ணிப் பாக்கேன். நான், விரல் விட்டு! காதே போயிட்டு எனக்கு.”

அவர் சும்மா சொல்லவில்லை. ராத்திரி முழுக்கப் பயத்தில் கிடந்திருந்தார். அந்தக் காது இல்லாமல் மிச்ச நாளை என்ன செய்து கழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

டீச்சர் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

“செருப்பைப் போடுங்க. ஆத்துக்குப் போவோம்.”

வீட்டுக்குப் பின்னால் தாமிரபரணி. அந்த இடத்தில் தடுப்பணை ஒன்று உண்டு. தண்ணீர் அதில் ஏறி விழுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்கிறவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். புலவரைப் படியில் நிறுத்திவிட்டு டீச்சர் தரைப்பாலம் வழியாக அக்கரைக்குப் போனார். அங்கே நின்று, வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு, எதையோ உரக்கக் கத்தினார்.

புலவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். டீச்சர் மறுபடி கத்தினார். மறுபடி. மறுபடி.

குளித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“எனக்குப் பாடம் நடத்துதாங்க” என்றார் புலவர்.

குளித்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு நாலு படி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

புலவருக்கு எரிச்சல் வந்தது. குறிலா நெடிலா, எழுத்து என்ன, ஒற்று எங்கே? ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் தண்ணீர் விழுங்கிவிட்டது. அளப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாதபோது மனிதர் எதை அளப்பார்? சலித்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். கத்துகிறவர் கத்தட்டும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், தன் கை தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

தட்டு, தட்டு, தட்டு, தட்டு, தட்டு. பிறகு ஓர் இடைவெளி. மறுபடியும் அதே ஐந்து. இரைச்சலுக்கு மேலே எட்டிப்பார்த்த இடங்கள் மட்டும் ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தன. ரி... டு... பிர... போ... டா...

புலவர் எழுந்துவிட்டார்.

“ரிவர்!” என்று அக்கரையைப் பார்த்துக் கத்தினார். பிறகு முழு வரியையும், அழுந்த வேண்டிய இடத்தில் அழுத்தி, குளித்தவர் திடுக்கிட்டுத் திரும்பும்படி கத்தினார். அக்கரையில் டீச்சர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். புலவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று நகர்ந்ததில் மூச்சு தாராளமாக வந்தது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. வீட்டுக்கு நடந்தார்கள். இரைச்சல் அடங்கும்வரை புலவர் அந்த வரியையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வாசற்படி ஏறும்போது அவர் முகம் மறுபடி வாடியது.

“இது வந்துட்டு. சந்தோஷம். ஆனா நேத்து விட்டதை என்ன செய்ய? அந்தத் தளை எனக்கு ஏன்மா கேக்கலை?”

“அந்த இடத்துல உங்களுக்கு என்ன கேட்டுது?”

புலவர் நின்றார்.

“அது... இசக்கியப்பன் வீட்டுக்காரி பேரும்மா. கோமதி. போன ஆடியில தவறிட்டா. இறந்தவளுக்குத்தான் அந்த வெண்பாவே. அந்த அடி வரைக்கும் நல்லாத்தான் படிச்சிட்டு வந்தான். கோமதின்னு வந்ததும் அந்தப் பேருல அவன் குரல் அப்படியே அழுந்திட்டு. அதுக்கு மேல அவனால அதைத் தூக்க முடியலை. எனக்கு அதுதான் கேட்டுது. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் வந்தது எதுவும் காதுல ஏறலை.”

“கோமதி என்ன சீர், ஐயா?”

வாய்பாட்டைத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய மனிதர் சற்றுத் திகைத்தார்.

“பாக்கலையேம்மா. தோணவே இல்லை.”

“மண்டபத்துல மத்தவங்களுக்கு?”

“எல்லாருக்கும் தளை தட்டினதுதான் கேட்டுது.”

டீச்சர் கதவைத் திறந்துவிட்டு, புலவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அப்போ அந்த மண்டபத்துல காது உங்களுக்கு மட்டுந்தான் இருந்திருக்கு. உக்காருங்க ஐயா, அடுத்த வரியைச் சொல்லுதேன்.”